கிள்ளானில் ஒரு பரீட்சை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் இருப்புப்பாதை, உள்நாட்டில் தோண்டியெடுத்த வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்க்கும் பொருட்டு 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சிலாங்கூர் இராஜ்யத்தில் அதுவே முதலாவது. ஈயம் கீழே இறங்கிய அதே வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த ஜனங்கள் உள்நாட்டுக்கு ஏறினார்கள். தண்டவாளத்தைப் பேணியவர்களிலும், பின்னர் அதன் இருமருங்கிலும் காட்டை அழித்து இரப்பர்த் தோட்டங்களை உண்டாக்கியவர்களிலும் பெரும்பகுதியினர் அவர்களே. ஆகையால், குளிரூட்டிய மின்சார வண்டியில் அமர்ந்து இன்று அவ்வழியே பிரயாணம் செய்யும் தமிழ்நாட்டான் ஒருவன், மலாய்மொழி அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும், தன்னை முற்றிலும் அயலான் என்று கருதிக்கொள்ள இயலாது.

நான் தங்கியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியும் அவ்விருப்புப்பாதையோடு சேர்ந்து வளர்ந்ததே. 1881-ல் முதலில் தீயினாலும் பின்பு வெள்ளத்தினாலும் கோலாலம்பூர் நகரம் பாழ்பட்டபின், கீற்றும் மரமுமாக இருந்த வீடுகளை இனிச் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்டவேண்டும் என்று ஆங்கிலேய அதிகாரியான ஸ்வெட்டன்ஹாம் துரை வற்புறுத்தியதன் பயனாக இங்கே செங்கற்சூளைகள் எழுந்தன. சூளைகள் மறைந்த இடத்தில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் தோன்றின. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் தேடி வந்தவர்கள் கந்தசுவாமி கோவிலை எழுப்பினார்கள். சிங்கள பௌத்தர்கள் ஒரு மகாவிகாரையையும், விவேகானந்தரின் பெயரைப் போற்றியவர்கள் ஓர் ஆசிரமத்தையும் நிறுவினார்கள். ஜாலான் துன் சம்பந்தன் என்று இன்று வழங்கும் பெருவீதியில் காலையில் நடந்தால், மல்லிகைச் சரம் தொடுப்போரையும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் அடுப்பு மூட்டுவோரையும், பார்வையற்றோர் சங்கத்துக்கு வெண்கோல் ஊன்றிச் செல்வோரையும் ஒருங்கே காணலாம். அறிமுகமில்லாத கடைக்காரர்கூட, "பசியாறியாச்சா ஐயா?" என்று கேட்பது இந்நாட்டுத் தமிழரின் மரியாதை.

என் சிற்றப்பாவின் மகன் கிள்ளானில் வசிக்கிறான். அவனுடைய மகள், ஒன்பது வயதுச் சிறுமி, தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, ஞாயித்துக்கிழமை எனக்கு கிரேடிங். நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள். கோவிலோ கடற்கரையோ காட்டுவதாகச் சொன்னாலும் அத்தனை உற்சாகத்தோடு நான் புறப்பட்டிருப்பேனோ, சந்தேகமே. அவள் கராத்தே பயில்கிறாள் என்பதும், வெள்ளைப் பட்டையோடு தொடங்கிய மாணவர் அடுத்த நிலைக்கு ஏறுவதற்கு எழுதும், அல்லது கைகாலால் எழுதும், முதற்பரீட்சையே கிரேடிங் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. எனினும் அதை நேரில் கண்டதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் சென்ட்ரல் நிலையத்தில் வண்டி ஏறினேன். பந்தாய் டாலாம், பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்தன. தோட்டங்கள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகளும் பண்டகசாலைகளும் நிற்கின்றன. இடையிடையே எண்ணெய்ப்பனை தலைகாட்டுகிறது. கிள்ளான் நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் ஜாலான் தெங்கு கிளானாவின் புடவைக் கடைகளும் பலகாரக் கடைகளும் எதிர்கொள்ள, ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. தம்பி காரோடு காத்திருந்தான்.

அன்று மாலை அவன் வீட்டுக் கூடத்தில் ஒரு காட்சி. சிறுமி, தனக்கு ஒரு சுற்றுப் பெரியதான வெண்ணிற உடையணிந்து, குதிகால்களைச் சேர்த்து நின்று, எதிரே யாரும் இல்லாத சுவரை நோக்கி இடுப்பிலிருந்து குனிந்து வணங்குவதை அப்பியாசம் செய்துகொண்டிருந்தாள். தம்பியின் தாய்வழிப் பாட்டி, தொண்ணூறைக் கடந்தவர், நாற்காலியில் சாய்ந்தபடி அதை வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்து, பின்னர், யாரையும் குறிப்பிடாமல் பேசத் தொடங்கினார்.

"பாலத்துப் பக்கத்துல ஜப்பான்காரன் துப்பாக்கியோட நிப்பான். சைக்கிள்ல வந்தா இறங்கணும். இப்படித்தான் குனியணும். எங்கப்பா ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோட வந்தாரு. மூட்டை கனம், சரியாக் குனிய முடியல. கன்னத்துல விட்டான் பாரு, ரெண்டு நாள் காது கேக்கல."

1942 ஜனவரி 11-ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானது முதல், 1945 செப்டம்பரில் கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் ஆங்கிலேயப் படை திரும்பி வந்து இறங்கும்வரை, இந்நாட்டு ஜனங்கள் அனுபவித்த துன்பங்கள் நூல்களில் எழுதப்பட்டவை கொஞ்சம், வீடுகளில் சொல்லப்படுபவை ஏராளம். காவற்சிப்பாயைக் கடந்து செல்லும் எவரும் குனிந்து வணங்கவேண்டும். தவறினால் அறை விழும். வாழைமரப் படம் அச்சிட்ட நோட்டு மதிப்பிழந்து காகிதமாயிற்று. அரிசி மறைந்து மரவள்ளியே ஆகாரமாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு, இத்தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கூலிக்கென்று ஏற்றிச் செல்லப்பட்டனர். காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியாகித் திரும்பாதவர் மிகப் பலர். பாட்டியின் பெரியப்பா அவர்களுள் ஒருவர்.

அத்தகைய நினைவுள்ள வீட்டில் கொள்ளுப்பேத்தி ஜப்பானிய முறையில் குனியப் பழகுவதை அம்மூதாட்டி எவ்வாறு சகிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் கோபிக்கவுமில்லை, மெச்சவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீ குனியறியே, உங்க வாத்தியாரு திரும்பக் குனிவாரா?"

"குனிவாரு பாட்டி. எங்கள விட மெதுவா குனிவாரு" என்றாள் சிறுமி.

"அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டுப் பாட்டி வெற்றிலைச் செல்லத்தைத் தேடலானார்.

இரவு உறக்கம் வராமல் இந்தக் கலையின் சரித்திரத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பரீட்சை வைத்துப் படிப்படியாகத் தகுதி வழங்கும் ஏற்பாடு வாள்வீரர் காலத்துப் புராதன வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். பழைய ஜப்பானில், பல்லாண்டு பணிவிடை செய்து வித்தை முதிர்ந்த சிஷ்யனுக்கு ஆசான் ஓர் அத்தாட்சிச் சுருளை அளிப்பதே வழக்கமாயிருந்தது. அதை மாற்றியவர் ஜிகோரோ கானோ என்ற கல்விமான். 1882-ல் தோக்கியோவிலுள்ள ஒரு பௌத்த ஆலயத்தில் கோடோகான் என்ற ஜூடோ கலாசாலையைத் தொடங்கிய அவர், மறு ஆண்டே தம் மாணவர் இருவருக்கு முதல் 'டான்' நிலையை வழங்கினார். ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கும் உயர்தரக் கல்லூரியின் தலைவராகவும் பின்னர் நெடுங்காலம் விளங்கினார். பயில்வோன் எங்கே நிற்கிறான் என்பதை அவனுக்கும் பிறருக்கும் காட்டும் படிக்கட்டு வேண்டும் என்பது, வகுப்பறையை அறிந்தவருக்குத் தோன்றக்கூடிய எண்ணமேயன்றிப் போர்க்களத்தை அறிந்தவருக்குத் தோன்றக்கூடியதன்று.

கராத்தேயின் கதையும் இவ்வாறே. ஒகினாவாத் தீவில் மறைவாகப் பயின்று வந்த இவ்வித்தையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் அங்கோ இதோசு என்ற முதியவர். சிறுவர்க்கு ஏற்ற ஐந்து அடிவரிசைகளை வகுத்தவரும் அவரே. அவருடைய மாணவரும் தொழிலால் பள்ளியாசிரியருமான கிச்சின் ஃபுனாகோஷி 1922-ல் தோக்கியோவுக்கு வந்து, கானோவின் அழைப்பின்பேரில் கோடோகானில் தம் கலையைச் செய்து காட்டினார். 1924-ல் கானோவின் படிநிலை முறையையே தழுவித் தம் மாணவர் சிலருக்கு முதன்முறையாகக் கறுப்புப் பட்டை அளித்தார். அவர் வகுத்த இருபது நெறிகளுள் முதலாவது, தாக்குதலைப் பற்றியதோ தற்காப்பைப் பற்றியதோ அன்று; வணக்கத்தைப் பற்றியது.

இக்கலை இந்நாட்டில் வேரூன்றிய விதம் அதனினும் விசித்திரமானது. மலேசியாவில் கராத்தே பரவியதற்கு முக்கியக் காரணரானவர் சியூ சூ சூட் என்ற சீனர். கராத்தே புடோகான் என்ற ஸ்தாபனத்தை 1966-ல் தொடங்கியவர். பளுதூக்கும் வீரராயிருந்த அவர், ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு ஜப்பானிய அதிகாரிக்குத் தம் வித்தையைக் கற்பித்து, கைம்மாறாக அவரிடம் கராத்தேயின் முதற்பாடங்களைப் பெற்றதாக அந்த ஸ்தாபனத்தின் வரலாறு கூறுகிறது. தெருவில் அறை விழுந்துகொண்டிருந்த அதே நாட்களில், எங்கோ ஓர் அறைக்குள் இருவர் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்திருக்கிறார்கள். அவ்வாறு முளைத்தது நாளடைவில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமின்றிப் பட்டணங்களிலும் தோட்டப்புறங்களிலும் படர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகள் இதில் அடைந்துள்ள தேர்ச்சிக்கு ஒரு சான்று போதும்: 2023-ல் சீன தேசத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 50 கிலோ பிரிவில் மலேசியாவுக்குத் தங்கம் வென்றவர் ஷாமளாராணி சந்திரன். தம்பி மகளின் படுக்கைக்கு மேலே அவருடைய படம் ஒட்டியிருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. சுவரோரமாகப் பெற்றோர்; நடுவே சிவப்பும் நீலமுமான மெத்தைத் தரை; ஒரு கோடியில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மீது பெயர்ப்பட்டியலும் தண்ணீர்ப் புட்டிகளும். அங்கே பரீட்சகராக அமர்ந்தவர் வெளியூரிலிருந்து வந்த தமிழர். அவ்வூர்ப் பயிற்சியாளர் தம் மாணவருக்குத் தாமே மதிப்பெண் இடாமல் ஒதுங்கி நின்றார். அறுபது பேரளவில் இருந்த மாணவருள் வெள்ளைப் பட்டையினர் கடைசி வரிசை. அவர்களுள் தம்பி மகள் இருந்தாள். அவளுக்கு அருகே, சிறார்களுக்கு நடுவில் தோளுயர்ந்து, ஐம்பதைக் கடந்த ஒருவரும் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவராம். மகளைக் கொண்டுவந்து விட்டு வாசலில் காத்திருந்தவர், காத்திருப்பதற்குப் பதில் தாமும் கற்கலாமே என்று சேர்ந்துவிட்டாராம். பிள்ளைகள் அவரை 'அங்கிள்' என்று அழைத்தார்கள். வரிசையில் மட்டும் அவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. அவருடைய மகள் பச்சைப் பட்டையோடு முன்வரிசையில் நின்றாள்.

எல்லோரும் மண்டியிட்டு அமர்ந்தனர். 'மொகுசோ' என்ற ஒரு குரலில் அறுபது கண்ணிணைகளும் மூடின. விசிறிகளின் இரைச்சல் மட்டும் எஞ்சியது. பின்பு 'ரெய்' என்ற கட்டளையோடு முன்னெற்றி தரையை நெருங்க வணங்கினார்கள்; பரீட்சகரும் அவ்வாறே வணங்கினார். சிறுமி முந்தின மாலை சொன்னது சரி. அவர் அவர்களைக் காட்டிலும் மெதுவாகவே குனிந்தார், மெதுவாகவே நிமிர்ந்தார்.

பரீட்சை மூன்று பகுதிகளாக நடைபெறுகிறது. முதலாவது கிஹோன் எனும் அடிப்படை. முன்காலை முழங்காலில் மடித்து, பின்காலை நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாதபடி ஊன்றி, ஓரடி முன்னே வைக்குந்தோறும் ஒரு குத்தோ, ஒரு தடுப்போ, ஓர் உதையோ செய்யவேண்டும். கைமுட்டி முன்னே போகும்போது மற்றக் கை அதே வேகத்தில் இடுப்புக்குத் திரும்பவேண்டும். பயிற்சியாளர் ஜப்பானிய எண்களைச் சொல்ல, பிள்ளைகள் அடியெடுத்து வைத்தார்கள். தவறினால் "செக்காலி லாகி" என்று மலாயில் மறுபடி செய்யச் சொன்னார். காலைத் திருத்தும்போது தமிழும் வந்தது. மூன்று மொழிகளும் ஒரு மாணவனுக்கும் இடைஞ்சலாகத் தோன்றவில்லை.

இரண்டாவது கத்தா. எதிரியை மனத்தில் பாவித்துக்கொண்டு தனியே ஆடும் அடிவரிசை அது. இந்தப் பிரிவில் முதற்பரீட்சைக்கு உரியது ஹெயான் ஷோடான். இதோசு சிறுவர்க்கென்று வகுத்தவற்றுள் ஒன்று. இருபத்தொரு அசைவுகள், இரண்டு இடங்களில் அடிவயிற்றிலிருந்து எழும் 'கியாய்' என்ற முழக்கம், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியவேண்டும். இதில் எல்லோரும் தடுமாறும் ஓரிடம் உண்டு என்று தம்பி என் காதில் சொன்னான்: மூன்று முறை மேல்தடுப்புச் செய்து முழங்கியபின், முக்கால் வட்டம் திரும்பவேண்டும், எந்தப் பக்கம் என்பதில் பலர் ஏமாறுவர். அவன் சொல்லி வாய் மூடுமுன் மகள் அவ்விடத்துக்கு வந்தாள். முழங்கினாள், நின்றாள், மற்றவர் எவரும் திரும்பாத திசையில் திரும்பினாள்.

என் அருகிலிருந்த தாய்மார் 'ஐயோ' என்றார்கள். சிறுமி தன் அண்டையிலிருந்தோரைப் பார்க்கவில்லை. ஒரு கணம் அசைவற்று நின்று, சரியான திசைக்குத் திரும்பி, விட்ட அசைவிலிருந்து தொடர்ந்து, மற்றவர்க்கு இரண்டு எண்ணிக்கை பின்தங்கியவளாய்த் தனியே முடித்தாள். பரீட்சகர் தலை நிமிராமல் ஏதோ எழுதினார். பரீட்சகர்கள் பார்ப்பது தவறு நேர்ந்ததா என்பதை மட்டுமன்று. தவறியபின் கண் எங்கே போகிறது, மூச்சுச் சிதறுகிறதா, முகம் மன்னிப்புக் கேட்கிறதா என்பதையும் கூடவே பார்க்கிறார்கள் என்று பின்னர்ப் பயிற்சியாளர் எனக்கு விளக்கினார்.

மூன்றாவது குமிதே எனப்படும் இருவர் பயிற்சி. தொடக்கநிலையில் அது சண்டையன்று. ஒருவர் முகத்தை நோக்கி ஐந்தடி முன்னேறிக் குத்த, மற்றவர் ஐந்தடி பின்வாங்கித் தடுத்து, இறுதியில் ஒரு குத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். குத்து முகத்தைத் தொடாமல் நிற்கவேண்டும். ஆனால் தொடுவதுபோல் வரவேண்டும். உயரம் ஒத்தவர் இல்லாமையால் கிரேன் ஓட்டுநருக்கு எதிரே பழுப்புப் பட்டை இளைஞன் ஒருவன் நிறுத்தப்பட்டான். இருவரும் முதலில் ஒருவரையொருவர் வணங்கினர். பெரியவர் தைரியமாகத்தான் நின்றார். ஆயினும் பின்வாங்கும் ஒவ்வோர் அடியிலும் அவருடைய பின்குதிகால் எழும்பியது, உடல் பின்னே சாய்ந்தது. பொறியின் உயரத்தில் நாளெல்லாம் அமர்ந்து பெட்டகங்களைத் தூக்கி வைக்கும் ஒருவருக்கு இடுப்பும் முழங்காலும் இளமையில் இருந்தபடி இருக்குமா? வியர்வை கண்ணில் வழிய, ஐந்து முறையும் தடுத்து, முடிவில் மறுபடியும் வணங்கினார்.

நண்பகலில் முடிவுகள் வாசிக்கப்பட்டன. மேல்நிலையினர் முடிந்து வெள்ளைப் பட்டையினர் முறை வந்தது. பெயர் சொன்னதும் மாணவர் முன்சென்று நிற்க, பரீட்சகர் எழுந்து நின்று ஓரிரு வார்த்தை கூறினார். தம்பி மகளுக்கு மஞ்சள் பட்டை. "திரும்பினது தப்பு, அப்புறம் நின்ன பாரு, அது சரி" என்றார். அவள் வணங்கினாள், அவர் வணங்கினார். கடைசியாகக் கிரேன் ஓட்டுநர். மண்டபத்தில் அவருடைய மகள் உட்பட அனைவரும் பார்த்திருக்க, பரீட்சகர் குரலைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும் சொன்னார்: "அண்ணே, பின்கால் இன்னும் ஊன்றல. இந்தத் தடவை கொடுக்க முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க."

அவர், "ஓஸ்" என்று அவர்கள் வழக்கப்படி பதிலளித்து, இடுப்பிலிருந்து குனிந்தார். பரீட்சகரும் குனிந்தார். தேர்ந்தவர்க்கு எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவே இவருக்கும் தாழ்ந்தது அத்தலை. நிமிர எடுத்துக்கொண்ட நேரமும் அவ்வளவே. பாட்டியின் கேள்விக்கு முழு விடை எனக்கு அப்போதுதான் கிடைத்தது. பாலத்தருகே நின்ற சிப்பாய் வாங்கிக்கொண்டது வணக்கமன்று, வரி. திருப்பித் தரும் கடமை அவனுக்கு இருக்கவில்லை. இங்கேயோ, தகுதி இல்லை என்று தீர்ப்புக் கூறியவர்கூடத் தமக்கு முன் நின்றவருக்குத் தாம் கடன்பட்டவராகவே நடந்துகொண்டார். தீர்ப்பில் தயவு காட்டவில்லை. மரியாதையில் குறைவு வைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருவரே ஒருசேரச் செய்வது எளிதன்று என்பது, ஆசிரியராகவோ அதிகாரியாகவோ இருந்தவர் எவருக்கும் தெரியும்.

ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு வாழையிலைக் கடைக்குச் சாப்பிடச் சென்றோம். கிரேன் ஓட்டுநரும் மகளோடு அங்கே வந்திருந்தார். சோற்றில் ரசம் ஊற்றும் நேரத்தில் அவருக்குத் துறைமுகத்திலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "கிடைக்கல லா. கால் ஊன்றலையாம். அடுத்த கிரேடிங்குக்கு எழுதிக் கொடுத்துட்டேன்." மகள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, வீட்டு மாடிப்படியில் தினமும் எப்படிக் குதிகாலை ஊன்றிப் பழகவேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினாள்.

நம் நாட்டில் பரீட்சை முடிவு வெளியாகும் காலத்தில், தேறியவர் படம் பத்திரிகையில் வருகிறது. தவறியவர் பெயரை வீட்டாரே வாய்விட்டுச் சொல்ல அஞ்சுகிறார்கள். பிள்ளை சில நாள் வெளியே தலைகாட்டுவதில்லை. அதனினும் கொடிய முடிவுகளையும் நாம் அறிவோம். நமது பரீட்சைகள் கடினமானவை என்பதன்று இதற்குக் காரணம்; தவறியவனுக்கு முன் எழுந்து நின்று, அடுத்த தேதியைச் சொல்லி, அவனுக்கு உரிய வணக்கத்தைச் செலுத்தும் பரீட்சகர் நம்மிடம் இல்லை. சிலம்பக் கூடத்தில் மண்ணைத் தொட்டு ஆசானை வணங்கி நின்ற மரபினர்க்குக் குனிவது புதிதன்று. மேலிருப்பவர் திரும்பக் குனிவதுதான் புதிது. ஜப்பானிலிருந்து கருவிகளும் வாகனங்களும் வாங்குகிறோம்; இந்த ஒரு வழக்கத்தையும் நம் பள்ளிக்கூடங்கள் வாங்கிக்கொள்ளலாம். இதற்குச் சுங்கமும் இல்லை, விலையும் இல்லை.